பதினொரு மணிப் பூசையில் வாசித்த பெயர்

டிரம்கீல், லீட்ரிம்
6 அக்டோபர் 1996

லோர்க்கன்,

ஏதாவது வேண்டுமென்றால்தான் நான் எழுதுவேன் என்பாய். இந்த முறையும் அப்படித்தான். ஆனால் எனக்காக இல்லை, அசம்ப்டா டூஹிக்காக.

ஆகஸ்ட் கடைசியில் காணாமல் போன அவள் கணவர் ஃபின்பார் இன்னும் வரவில்லை. அவருடைய லாரி ஸ்லைகோ போகும் சாலையோரம், சாவி தொங்கியபடி நின்றது என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாததால் ஊரில் ஆளுக்கொரு கதை. ஏரியில் விழுந்துவிட்டார் என்கிறார்கள் சிலர். போஸ்டனில் ஒரு பெண்ணோடு இருக்கிறார் என்கிறார்கள் வேறு சிலர். முழங்கால் வலியோடு பாடற்குழு மாடிப்படியில்கூட ஏற முடியாத மனிதர் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போயிருக்கிறாராம். அசம்ப்டாவுக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது. "எவளோ ஒருத்திகூட இருக்கட்டும் டெர்வ்லா. குளிருக்குச் சட்டை போட்டுக்கோன்னு சொல்றவளா இருந்தா போதும்" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கடலுக்கு அந்தப் பக்கம் நீ இருக்கும் கில்பர்னிலிருந்து அவளுக்கு ஒரு போன். கார்மல் காஃப்னி, நம் தபால்காரரின் மூத்த மகள், அங்கே நர்ஸாக இருப்பவள். எடுத்ததுமே அழுதிருக்கிறாள். "எங்களுக்கு யாருமே சொல்லலையே. எப்போ கிடைச்சாரு? அடக்கம் முடிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறாள். அன்று கில்பர்ன் கோயிலில் பதினொரு மணிப் பூசையில் மரித்தவர்களின் பெயர்களை வாசித்தபோது, டிரம்கீலைச் சேர்ந்த ஃபின்பார் டூஹியின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று சாமியார் வாசித்தாராம்.

அசம்ப்டாவின் சமையலறையில் இப்போது போலீஸ்காரர் ஒருவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். பெயர் ஒற்றுமையாக இருக்கும் என்கிறார். டிரம்கீலில் எத்தனை ஃபின்பார் டூஹி இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். அவர் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

அவள் கேட்பது இதுதான். "லோர்க்கன் அங்கதானே இருக்கான். ஃபின்பாருக்கு அவன் பிள்ளை மாதிரி. யாரு அந்தப் பேரைக் கொடுத்ததுன்னு அந்தச் சாமியார்கிட்ட கேட்டுச் சொல்லச் சொல்லேன்." நீ அறையில் போன் வைத்துக்கொள்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கார்மல் நம் அம்மாவிடம் மட்டும் இன்னொன்று சொன்னாளாம். அந்தப் பூசையில் உன்னைப் பார்த்தாளாம்; கதவருகே ஆண்கள் நிற்கும் இடத்தில் நின்றிருந்தாயாம். அப்படியானால் உனக்கும் அந்தப் பெயர் கேட்டிருக்கும். நீ ஏன் போன் செய்யவில்லை?

டெர்வ்லா


கில்பர்ன்
15 அக்டோபர்

பேராசிரியை டெர்வ்லாவுக்கு,

தியேட்டர் டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்து ரஷ்யக்காரன் எழுதிய தடிப் புத்தகம் படிக்கிறவள் துப்பறியவும் ஆரம்பித்துவிட்டாயா?

உண்மையைச் சொல்கிறேன். சனிக்கிழமை குடித்தது இறங்காமல் பூசைக்குப் போனேன். நின்றுகொண்டே தூங்க நம் ஊர் ஆண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. உன் கடிதம் வந்த பிறகு, சாமியார் பூசை உடை மாற்றும் சக்ரீஸ்து அறைக்குப் போய்க் கேட்டேன். சாமியாருக்கு எண்பது வயது, காதும் மந்தம். ஏதோ ஒரு கிழவி கொடுத்தாள் என்கிறார். எந்தக் கிழவி என்று அவருக்கும் தெரியாது, அந்தக் கிழவிக்கும் தெரியாது போலிருக்கிறது. பழைய ஃபின்பார் டூஹி யாராவது இருந்திருப்பார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் செத்தவர்களுக்கெல்லாம் இங்கே பூசை நடக்கிறது.

அசம்ப்டாவிடம் இதையே சொல். எது நடந்திருந்தாலும் அவருக்கு வலித்திருக்காது என்றும் சொல்.

கூரை வேலை நன்றாக நடக்கிறது. உங்கள் தியேட்டரில் இப்போது ஓடுகிறதே, அந்தக் கூலிக்கொலைகாரன் படத்தை நானும் பார்த்தேன். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவன் போட்டிருக்கும் கோட்டு முதல் காட்சியில் இருந்ததுபோலவே கடைசிக் காட்சியிலும் இருக்கிறது, கவனித்தாயா? அவனுக்குச் சளி பிடிப்பதில்லை. அம்மாவும் கிடையாது.

அம்மாவிடம் கணப்பை எரியவிட்டுத் தூங்க வேண்டாம் என்று சொல்.

லோர்க்கன்


டிரம்கீல்
27 அக்டோபர்

லோர்க்கன்,

கார்மலும் போய்க் கேட்டிருக்கிறாள். அந்தச் சாமியாருக்கு வயது நாற்பதுதானாம், காதும் நன்றாகக் கேட்குமாம். லீட்ரிமிலிருந்து வந்த, கூரை வேலை செய்கிற இளைஞன் பெயர் கொடுத்தான், ஊரையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான் என்றாராம். கார்மலுக்கு உன்மேல் ஒரே பெருமை. "உங்க பையன் மனசே தனி" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "அவன் ஏதோ வதந்தி கேட்டிருப்பான் கார்மல். அசம்ப்டாகிட்ட சொல்லிடாதே, பாவம்" என்றாள். எவ்வளவு இயல்பாகச் சொன்னாள் தெரியுமா? போனை வைத்த பிறகு, சுத்தமாக இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்க்க ஆரம்பித்தாள். இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நம் வீட்டில் எப்போதும் அப்படித்தானே.

எது நடந்திருந்தாலும் அவருக்கு வலித்திருக்காது என்று எழுதியிருந்தாய். அதை நான் அசம்ப்டாவிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவள் தியேட்டருக்கு வந்தாள். ஃபின்பார் போன பிறகு பூசைக்கும் கடைக்கும் தவிர வெளியே வராதவள். டிக்கெட் வாங்கி அந்தப் படத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கொலைகாரன் ஒருவனை டிக்கியில் அடைக்க முடியாமல் காலை மடக்கி மடக்கிப் பார்க்கும் இடத்தில் கூட்டம் மொத்தமும் சிரித்தது. முன்பு நானும் அந்த இடத்தில் சிரித்திருக்கிறேன். அவள் மட்டும் பாடம் கவனிக்கிற பிள்ளைபோல முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் கூண்டருகே வந்து கேட்டாள்: "நீ நிறையப் படிச்சவ. நிஜத்துலயும் இப்படித்தானா? கடைசியில ஏதாவது பேச விடுவாங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

அடுத்த வாரம் நவம்பர் பிறக்கிறது. எல்லோரும் தங்கள் வீட்டு மரித்தவர்களின் பெயரை எழுதி, ஓர் உறையில் வைத்துப் பீடத்தடியில் இருக்கும் பெட்டியில் போடுவார்கள். அவள் போன ஞாயிறு அந்த உறையை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள், மூடினாள், உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுதினால் அவளே அவரைக் கொன்றதுபோல. எழுதாவிட்டால் அவர் ஆத்துமாவுக்கு ஜெபிக்க யாருமில்லை.

அவர் எங்கே, லோர்க்கன்?

டெ.


கில்பர்ன்
5 நவம்பர்

டெர்வ்லா,

படித்ததும் அடுப்பில் போடு. போடுவாய் என்று எனக்குத் தெரியும். நீ புத்தகத்தைத் தவிர எதையும் சேர்த்து வைப்பவள் இல்லை.

நான் கூரை வேலை செய்கிறேன் என்பது பொய்யில்லை. நடுநடுவே வேறு வேலையும் வரும். டப்ளினில் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். அவர் இடத்தைச் சொல்வார், ஆள் யார் என்று சொல்லமாட்டார். ஸ்டேப்பிள்டன் என்று ஒருவன் கூட வருவான், கார் ஓட்ட, குழி வெட்ட. ஈரக் காலுறையைப் பற்றி ஓயாமல் புலம்புகிற ஆள். ஆகஸ்டில் ஸ்லைகோ சாலை என்றார்கள். எல்லையைத் தாண்டிச் சரக்கு கொண்டுவருகிற லாரி ஓட்டுநராம். பின்கதவைத் திறந்து உள்ளே இருந்த கள்ளச் சரக்கைப் பார்த்துவிட்டாராம், பார்த்ததைப் போலீஸில் சொல்லப் போகிறாராம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

லாரி நின்றது. இறங்கியவர் ஃபின்பார்.

அவருக்கு என்னைப் பார்த்ததில் சந்தோஷம், டெர்வ்லா. அதை மட்டும் நீ புரிந்துகொள்ள வேண்டும். நான் கப்பல் ஏறப் போன அன்று அந்த லாரியில்தான் என்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விட்டார். இப்போது நான் ஊருக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "அட, லோர்க்கன். அம்மா எப்படிப்பா இருக்கா?" என்றார். நல்லா இருக்காங்க என்றேன். ஸ்டேப்பிள்டன் எனக்குப் பின்னால் நின்றான். நான் செய்யாவிட்டால் அவன் செய்திருப்பான். பிறகு எனக்கும் சேர்த்துச் செய்திருப்பான். இதை நியாயமென்று சொல்லவில்லை. நடந்தது இது. வலிக்கவில்லை என்பது உண்மை.

பிறகு நடந்ததைப் படமாக எடுத்தால் உங்கள் ஊர் சிரித்துச் செத்துவிடும். சதுப்பு நிலத்தில் கார் புதைந்துவிட்டது. தள்ளத் தள்ள இன்னும் இறங்கியது. ஒரு விவசாயி டிராக்டரோடு வந்தார். வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடவில்லை. சங்கிலி போட்டு, டிக்கியில் ஃபின்பாரோடு, காரை இழுத்து மேட்டில் விட்டார். எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று விசாரித்தார். வழியில் தின்ன ரொட்டி கொடுத்தார். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இந்த நாட்டில் ஒரு ஆளை ரகசியமாகப் புதைக்க முடியாது. எல்லோரும் உதவிக்கு வந்துவிடுகிறார்கள்.

பூசையைப் பற்றிக் கேட்கவில்லை நீ. ஆனாலும் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் யார் செத்தாலும் முதலில் ஒரு பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் அம்மா மற்ற வேலையைப் பார்ப்பாள். எனக்கும் அது பழகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறேன், வேறு வேறு கோயில்களில், பாதிப் பெயராக: மைக்கேல், பீட்டர், ஒரு நண்பர். ஃபின்பாருக்குப் பாதிப் பெயர் கொடுக்கக் கை வரவில்லை. முழுப் பெயரோடு ஊரையும் சொன்னேன். சாமியார் எழுதிக்கொள்ளும்போதே தெரிந்தது, நான் மடையன் என்று. ஆனால் கொடுத்த பெயரைத் திருப்பிக் கேட்கவில்லை.

பாவசங்கீர்த்தனமும் செய்தேன், வேறொரு சாமியாரிடம். கடவுளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இடத்தை உனக்குச் சொல்ல மாட்டேன். அந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஃபின்பார் கிடைத்தால், 'நான் சொல்லவில்லை' என்பான் ஸ்டேப்பிள்டன். மிச்சம் ஒரே வாய்தான்.

லோர்க்கன்


டிரம்கீல்
12 நவம்பர்

லோர்க்கன்,

அடுப்பில் போட்டுவிட்டேன். பயனில்லை, எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

கடவுளிடம் சொல்லிவிட்டேன் என்கிறாய். கடவுளுக்கு ஏற்கெனவே தெரியும். அசம்ப்டாவுக்குத்தான் தெரியாது.

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தைத் தொடவில்லை. மற்றவருக்கென்றால் எது சரி என்று சொல்ல எனக்கு எப்போதும் வார்த்தை கிடைத்திருக்கிறது. படித்த புத்தகங்களில் எல்லாம் இப்படி ஒரு இடம் வரும், நான் கூண்டுக்குள் உட்கார்ந்து எளிதாகத் தீர்ப்புச் சொல்வேன். இப்போது இடத்தைச் சொல் என்று எழுதினால் நான் உன்னைச் சாகச் சொல்கிறேன். வேண்டாம் என்று எழுதினால் ஃபின்பாரை அந்தச் சேற்றிலேயே இரு என்கிறேன். அதனால் நான் எதையும் கேட்கப் போவதில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அசம்ப்டா அந்த உறையை இன்னும் பெட்டியில் போடவில்லை. கோயில் தோட்டத்தில் தன் மாமனார் மாமியாரின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தில் களை பிடுங்குகிறாள். அங்கே யாரும் இல்லை, களை மட்டும்தான். மழை பெய்தால் சன்னலருகே போய் நிற்கிறாள். நேற்று நம் வீட்டுக்கு வந்தபோது மழை. "மேல ஏதாவது கூரை இருக்குமா டெர்வ்லா, அவர் இருக்கிற இடத்துல?" என்று கேட்டாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அசம்ப்டா போன பிறகு தன் கோட்டை மாட்டிக்கொண்டு போய் மழையில் நின்றாள். நான் கூப்பிட்டும் வரவில்லை.

உனக்குக் கோபம் வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேனோ என்னவோ. எனக்கு உன்மேல் இருக்கும் கோபத்துக்கு எல்லை இல்லை. நீ சாப்பிட்டாயா என்ற கவலையும் கூடவே இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே உடம்பில் இருக்கின்றன என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

டெ.


கில்பர்ன்
20 நவம்பர்

டெர்வ்லா,

அசம்ப்டா வீட்டு நம்பர் பழையதுதானே? ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவாளா, கல்லறைக்குப் போவாளா? பதில் எழுத வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். என் பெயருக்குப் பூசை வைப்பதாக இருந்தால் நன்றாக விசாரித்துவிட்டு வை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாய் அல்லவா.

நம் வீட்டுக் கூரையில் வடக்குப் பக்கம் இரண்டு ஓடு நழுவியிருக்கும். யாரையாவது ஏற்றிப் பார்க்கச் சொல். நீ ஏறாதே.

லோ.


டிரம்கீல்
9 டிசம்பர்

லோர்க்கன்,

ஃபின்பாரை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம்.

ஊரே வந்தது. உள்ளே இடமில்லாமல் சாலைவரை நின்றார்கள். குழியை அக்கம்பக்கத்து ஆண்கள் வெட்டினார்கள், வழக்கம்போல. பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். மழை நின்றிருந்தது. கோயில் கூடத்தில் ரொட்டியும் தேநீரும். அங்கே முன்பின் தெரியாத ஒரு விவசாயி தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு அசம்ப்டா முன்னால் நின்றார். "என் டிராக்டராலதாம்மா இழுத்துவிட்டேன். எனக்குத் தெரியாதும்மா" என்று அழுதார். அவள்தான் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். அந்தக் காரில் வந்தவன் நல்ல மரியாதையான பையன் என்று போலீஸில் சொல்லியிருக்கிறாராம். முகம் சரியாக நினைவில்லையாம். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லோரும் கலைந்த பிறகு அசம்ப்டாவோடு கோப்பைகளைக் கழுவினேன். அப்போது அந்த போனைப் பற்றிச் சொன்னாள். பூசை முடிந்து கோட்டுகூடக் கழற்றவில்லையாம். ஓர் ஆண்குரல் இடத்தைச் சொல்லியிருக்கிறது, இரண்டு முறை, மெதுவாக, அவள் எழுதிக்கொள்ளும்படி. "வைக்கப் போறான்னு தோணுச்சு. அவர் கடைசியில ஏதாவது சொன்னாரான்னு கேட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே ஒரு கோப்பையைக் கழுவி என்னிடம் நீட்டினாள்.

"அப்புறம் சொன்னான். 'அம்மா எப்படி இருக்கான்னு கேட்டாரு'ன்னு. அவ்வளவுதான், வச்சுட்டான்."

நான் ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். குரல் யாருடையது என்று தெரியவில்லை என்று போலீஸிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். பிறகு என் கையிலிருந்த கோப்பையை வாங்கி அலமாரியில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டாள்.

நல்லா இருக்காங்க என்றேன். நீ சொன்ன அதே பதில், லோர்க்கன்.

நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. ஊர்ப் பெயர்கூட வேண்டாம்.

டெர்வ்லா


டிரம்கீல்
16 பிப்ரவரி 1997

லோர்க்கன்,

பழைய முகவரிக்குத்தான் இதையும் அனுப்புகிறேன். ஜனவரியில் அனுப்பிய இரண்டும் திரும்பி வரவில்லை. அதை நல்ல சகுனம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன், அம்மா எடுத்துக்கொள்ளவில்லை.

கார்மல் உன் அறைக்குப் போய்ப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாய் என்றாராம் வீட்டுக்காரர். வேலைப்பை கட்டிலடியில் இருக்கிறதாம், மழைக்கோட்டு ஆணியில் தொங்குகிறதாம். யாராவது உன்னைத் தேடி வந்தார்களா என்று கார்மல் கேட்டாள். ஒருவர்தான் வந்தார், நல்ல மனிதர், காலுறை நனைந்துவிட்டது என்று கணப்பருகே உட்கார்ந்து காயவைத்துவிட்டு உன்னோடு கிளம்பிப் போனார் என்றாராம்.

அம்மா போன வாரம் முதன்முறையாக உன் பெயரைச் சொன்னாள். "லோர்க்கனுக்கு ஒரு பூசைக்குக் கொடுத்துட்டு வா" என்றாள். ஃபாதர் மல்ட்டூனிடம் போனேன். பேனாவை எடுத்தவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "உயிரோட இருக்கறவருக்கா, மரிச்சவருக்கா?"

நன்றாக விசாரித்துவிட்டு வை என்று எழுதியிருந்தாய். யாரிடம் விசாரிப்பது? நான் அங்கே நின்றேன். அவர் காத்திருந்தார். பின்னால் இரண்டு பேர் இருமினார்கள். நவம்பரில் அசம்ப்டா பேனாவைத் திறந்து மூடியதை நான் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

"உயிரோட இருக்கறவருக்கு" என்றேன்.

இன்று வாசித்தார். லோர்க்கனின் வேண்டுதல்களுக்காக என்று. அம்மா முழங்காலிலிருந்து எழவே இல்லை. கில்பர்னில் கார்மல் ஞாயிறு தவறாமல் மரித்தவர்களின் பட்டியலைக் கேட்டுவிட்டு போன் செய்கிறாள். இதுவரை நீ அதில் இல்லை.

பூசை முடிந்து வாசலில் அசம்ப்டா எங்களுக்காக நின்றிருந்தாள். கறுப்புக் கோட்டு. ஃபின்பார் கிடைத்த பிறகு அவள் முகம் ஒருவிதமாக அமைதியாகிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருக்கிறது. அம்மாவின் காலரைச் சரிசெய்தாள்.

"போஸ்டன்ல எவளோ ஒருத்திகூட இருக்கான்னு நினைச்சுக்கோ, பெர்னி" என்றாள்.

அதை அவள் எந்த மனதோடு சொன்னாள் என்று வழியெல்லாம் யோசித்தேன். இன்னும் தெரியவில்லை. அம்மா மட்டும் "சரி" என்றாள்.

இங்கே பனி விழ ஆரம்பித்திருக்கிறது. உன் மழைக்கோட்டு அந்த ஆணியில்தான் இருக்கிறது. எங்கே இருந்தாலும் குளிருக்குச் சட்டை போட்டுக்கொள்.

டெர்வ்லா